வலக்கை

முனீஸ்வரன் கோயில் தெருவில்
பெல்ஜியம் கண்ணாடிக்கோ எனாமல் தூக்குக்கோ
என்னிடம் யாரும் விலை சொல்வதில்லை.
"தகரப் பைத்தியம் வந்துருச்சு" என்பார் அமானுல்லா.
கடைப் பையன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு
ஆணி டப்பாக்களைக் காட்டுவான்.

வார நாளில் தேவகோட்டையில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
ஞாயிற்றுக்கிழமை
பிடித்துக்கொள்வது நான்.

தேடுவது இடிமாறனை.
பறப்பவன். சிவப்பு மேலங்கி, நெஞ்சில் மஞ்சள் மின்னல்.
எழுபத்தொன்றில் ஒரு பிஸ்கட் கம்பெனி
பத்து உறைக்கு ஒரு பொம்மை கொடுத்தது.
சாவி முடுக்கினால் வலக்கை உயரும்,
உலகம் பிழைக்கும்.
கம்பெனி பிழைக்கவில்லை.

முகமூடி ஒன்று கிடைத்தது. ரெக்சின்.
உள்ளே எந்தப் பையனின் வேர்வையோ
உப்பாய்ப் பூத்திருந்தது.
மேலங்கி புதுவயலில்,
அரிசி ஆலை மோட்டாருக்குப் போர்வையாக.
எண்ணெய்க் கறையோடு வாங்கி வந்தேன்.
துவைத்தால் விலை போய்விடும் என்று
வீட்டில் சொல்லியிருக்கிறேன்.
விற்கப்போவதில்லை என்பதைச் சொல்லவில்லை.

அப்புறம், பதினோரு வருஷமாய்,
இந்தக் கை.
சுண்டுவிரல் நீளம். பத்து ரூபாய்.
கரண்டிக் காம்பு என்று கொடுத்தார் அமானுல்லா.
மணிக்கட்டில் மஞ்சள் பட்டை பார்த்ததும்
என் முகம் மாறியதை அவர் பார்க்கவில்லை.
மிஷின் சும்மா இருந்த ஒரு மத்தியானம்
படம் எடுத்துப் பார்த்தேன்:
முறிவு இல்லை. மூட்டு நழுவியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் கண்டனூரில் ஒரு வீடு பாகம் பிரிந்தது.
பதினாறு புள்ளி.
தேக்குத் தூண்களில் சுண்ணாம்பு எண்கள்,
நிலைக்கதவை அளக்கும் வியாபாரிகள்,
அண்டாவுக்குள் தலைவிட்டுப் பேரம் பேசும் ஒருவர்.
இரண்டாம் கட்டில்
வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு
சிகப்பி உட்கார்ந்திருந்தார்.
சென்னையில் கூரியர் ஏஜென்சி, தலைக்கு மை.
கூடைக்குள்ளிருந்து
ஒற்றைக் கையோடு இடிமாறன் எட்டிப் பார்த்தான்.

எட்டாயிரம் என்றேன்.
"இதுக்கு எண் போடலியே, பாக்கலியா?"
பதினைந்து. தலையசைத்தார்.
இருபது என்று என் வாய் சொன்னது,
பி.எஃப். கணக்கைக் கேட்காமலே.
"கையில்லாத பொம்மைக்கா?
தம்பி பிடுங்கி எறிஞ்சுட்டான். சாவியாலயே அடிச்சேன்.
இப்ப வக்கீல் மூலமாத்தான் பேசிக்கிறோம்."

சட்டைப்பையில், எக்ஸ்ரே உறையில், என் கை.
எடுக்காமல் கிளம்பியிருக்கலாம்.
கெட்டிக்காரன் கிளம்பியிருப்பான்.

பார்த்ததும் அவர் கேட்ட முதல் சொல்: "எவ்வளவு?"
இத்தனை வருஷத்தில்
என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை.
நாற்பதாயிரம் என்றேன்.
சிகப்பி சிரித்தார். பக்கத்து அறையில் எடைக்கல் விழுந்தது.
"சரி, ஒரு தடவ மாட்டியாவது பாப்போம்."

நழுவிய மூட்டு க்ளிக்கென்று உட்கார்ந்தது.
சாவியை அவர் முடுக்கினார்.
கர்ர்ர் என்று பாதி உயர்ந்து
வழி கேட்பவன்போல் நின்றது கை.
எதிர்த் தாழ்வாரத்தில் ரசீது எழுதிக்கொண்டிருந்த ஆள்
அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்தார்.
புருவத்தில் பழைய வெட்டு.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.
சிகப்பி திரும்பவில்லை,
சாவியை இன்னொரு சுற்று முடுக்கினார்,
கொஞ்சம் சத்தமாக.

நான் கொடுக்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.
கழற்றி எடுக்கும்போது என் விரல் நடுங்கியது.
நம்பர் மாற்றிக்கொண்டோம்.
ராத்திரி பத்துக்கு மேல் போன் வருகிறது:
"பன்னெண்டு?" "இல்லீங்க."
"பதிமூணு?"
நடுவில் ஒருநாள், தம்பி விசாரித்தானாம்,
வக்கீல் மூலமாக,
அந்தக் கை யாரிடம் இருக்கிறதென்று.

அன்று திரும்பிய பஸ்ஸில்
பையிலிருந்து அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது,
டிக்கெட் கேட்பதுபோல்.
"என்ன சார் அது, கரண்டிக் காம்பா?"
கண்டக்டர் கேட்டார்.
ஆமாம் என்றேன்.